மகள் கேட்ட கேள்வி

சென்ற பள்ளி விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் போயிருந்தேன். ஜொகூர் பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸில் ரயில் ஏறினோம். லாவெண்டர் நிலையத்துக்கு அருகே இருக்கும் தம்பி வீட்டுக்குப் பயணம். வழியில் 'டோபி காட்' நிலையம் வந்தது. "டோபின்னா துணி துவைக்கிறவங்கதானே அம்மா? ஸ்டேஷனுக்கு ஏன் அந்தப் பேரு?" என்று மகள் உரக்கக் கேட்டாள். "சும்மா இரு, அப்புறம் சொல்றேன்" என்று அடக்கிவிட்டேன்.

ஏன் அடக்கினேன் தெரியுமா? என் தாத்தா தோட்டத்து லயங்களுக்கெல்லாம் துணி வெளுத்தவர். சிறு வயதில் யாருடனாவது சண்டை வந்தால், என் பெயரை விட்டுவிட்டு அவர் தொழிலைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். ஆசிரியை ஆன பிறகும் இதை நான் வெளியே சொன்னதில்லை.

அன்றிரவு தம்பி வீட்டில் ஆங்கிலப் பெயர்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். லாவெண்டர் என்பது வெள்ளைக்காரர்களில் ஒரு குடும்பப் பெயராம். பூவிலிருந்து வந்ததல்ல, பழைய பிரெஞ்சு மொழியில் துணி வெளுப்பவரைக் குறித்த சொல். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபோது பிரெஞ்சுச் சொற்களும் கூடவே போயின. 'லாண்ட்ரி' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். வாக்கர், ஃபுல்லர், டக்கர் ஆகிய மூன்று பெயர்களும் புதிதாக நெய்த கம்பளித் துணியை நீரில் போட்டு மிதித்துப் பதப்படுத்தியவர்களைக் குறித்தவை. நாம் முகத்தில் பூசும் முல்தானி மட்டியை ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்கிறார்கள் அல்லவா? அதே ஃபுல்லர்தான்!

'மிஸ்டர் வாக்கர்' என்றால் மரியாதை. 'டோபி வீட்டுப் பிள்ளை' என்றால் ஏளனமா? எண்ணிப் பார்த்தேன். அங்கே மகன் வேறு தொழிலுக்குப் போனான். பெயர் மட்டும் தங்கியது. நம்மிடமோ பிறப்பே தொழிலைத் தீர்மானித்தது. எங்கே உட்காரலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பதைக்கூட அதுவே தீர்மானித்தது. குற்றம் துணி துவைத்ததில் இல்லை; துவைத்தவரைத் தாழ்த்தியதில்தான் இருக்கிறது.

மறுநாள் மகளை டோபி காட்டுக்கே அழைத்துப் போனேன். "காட் என்றால் படித்துறை. இங்கே ஓடிய ஓடையில்தான் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தினார்கள். அந்த ஓடைதான் இப்போது ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய். நிலையம் திறந்தது 1987-இல். இன்று மூன்று ரயில் பாதைகள் இங்கே சந்திக்கின்றன" என்றேன். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "உன் கொள்ளுத் தாத்தாவும் இந்தத் தொழில்தான் செய்தார்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை ஏம்மா நேத்தே சொல்லல?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படிச் சொல்லாமல் மறைத்த ஒரு தாத்தா இருக்கிறாரா? பிள்ளைகள் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.