கடைசி ஓரத்து சுவிட்ச்: ஒரு சிஎன்சி இழை

1) பத்து வருஷமா அரசு மருத்துவமனையில் அடுத்தவங்க விரலுக்குத் தையல் போட்டுட்டு இருக்கேன். போன மாசம் என் விரலுக்கே தையல் போட வேண்டி வந்திருக்கும். மயிரிழையில் தப்பிச்சேன். காரணம் ஒரு சின்ன சுவிட்ச். வீட்டில் சிஎன்சி மெஷின் வச்சிருக்கவங்க, வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க கடைசி வரை படிங்க. மெஷினே இல்லாதவங்களுக்கும் முடிவில் ஒரு வேலை வச்சிருக்கேன்.

2) தெரியாதவங்களுக்கு: கம்ப்யூட்டரில் வரைஞ்ச டிசைனை மரத்திலோ அக்ரிலிக்கிலோ தானாகவே செதுக்கும் மெஷின்தான் சிஎன்சி ரூட்டர். என்னோடது அலுமினியச் சட்டத்தில் நானே மாட்டினது. மூணு அச்சுக்கும் ஸ்டெப்பர் மோட்டார், ஒரு அர்டுயினோ போர்டு, அதில் ஜிஆர்பிஎல் 1.1 என்ற இலவச மென்பொருள். செதுக்குறதுக்கு மரவேலைக் கடையில் கிடைக்கிற டிரிம்மர். நைட் டூட்டி முடிச்சு தூங்கி எழுந்தா, சாயங்காலம் எனக்கு இதுதான் பொழுதுபோக்கு.

3) இந்த மெஷினுக்குக் கண் கிடையாதுங்க. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப் போகும், ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி. "இத்தனை ஸ்டெப் போ"ன்னு போர்டு சொல்லும். போச்சா, நடுவில் மாட்டிக்கிச்சான்னு திரும்பிக் கேக்காது. கரன்ட் போய் வந்தா, நிக்கிற இடத்தையே பூஜ்யம்னு நினைச்சுக்கும்.

4) அதுக்குத்தான் ஹோம் சுவிட்ச். ஆன் பண்ணதும் ஹோமிங் கொடுத்தா, முதலில் பிட் மேலே போகும், அப்புறம் மத்த ரெண்டு அச்சும் ஒரு மூலைக்குப் போய் சுவிட்சைத் தொடும். "இதான் பூஜ்யம்"னு குறிச்சுக்கும். தடுப்பூசி நாளில் குழந்தையை எடை மெஷினில் போடுறதுக்கு முன்னாடி முள் பூஜ்யத்தில் நிக்குதான்னு சிஸ்டர் பார்ப்பாங்க இல்லையா, அதே வேலைதான்.

5) லிமிட் சுவிட்ச் வேற. அச்சின் ஓரத்தில் உக்காந்திருக்கும். கட்டுப்பாடு இல்லாம மெஷின் ஓரத்துக்கு வந்து இடிச்சா, எல்லா அசைவையும் உடனே நிறுத்தச் சொல்லும். ஹோம் சுவிட்ச் இருக்கிற ஓரத்தில் அதுவே லிமிட் வேலையையும் பாத்துக்கும். எதிர் ஓரத்துக்குத் தனியா ஒண்ணு வேணும். என் மெஷினில் வலது ஓரம் ஹோம், இடது ஓரம் லிமிட்.

6) போன மாசக் கதைக்கு வர்றேன். எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தங்க ரிட்டயர் ஆகுறாங்க. அவங்களுக்கு தேக்குப் பலகையில் பேர் செதுக்கிட்டு இருந்தேன். பாதியில் கரன்ட் போச்சு. திரும்பி வந்ததும் மெஷின் பூட்டிக்கிட்டு "ஹோமிங் பண்ணு"ன்னு நின்னுச்சு. முறைப்படி $H கொடுக்கணும். நான் அவசரத்தில் $X கொடுத்தேன். அதாவது, "பூட்டைத் திற, ஹோமிங் வேண்டாம்."

7) பிட்டை மேலே தூக்கிட்டு, டிரிம்மரை ஆன் பண்ணி, வேலை ஆரம்பிக்கும் இடத்துக்குப் போகச் சொன்னேன். அந்த இடம் ஹோமிலிருந்து 250 மில்லிமீட்டர் இடதுபக்கம். ஆனா மெஷின் ஏற்கெனவே இடதுபக்கம்தான் நிக்குது, மிச்சம் இருந்தது 60 மில்லிமீட்டர். நிக்கிற இடத்தையே ஹோம்னு நம்பி 250-ஐயும் போகப் பார்த்துச்சு. சாஃப்ட் லிமிட்டும் காப்பாத்தல. அதுவும் ஹோமிங் கணக்கை நம்பித்தான் ஓடுது.

8) சரி, இடது ஓரத்து லிமிட் சுவிட்சாவது பிடிக்கணுமே? பிடிக்கல. சட்டத்தில் இடிச்சு, மோட்டார் கடகடன்னு கத்துது. என் கை தானா உள்ள போச்சு, தள்ளி நிறுத்திடலாம்னு. காயத்தோட வர்றவங்ககிட்ட "ஏங்க ஓடுற மெஷின்ல கைய விட்டீங்க?"ன்னு கேக்குற அதே ஆளுங்க நான். பிட்டுக்கும் விரலுக்கும் ரெண்டு விரற்கடை இருக்கும். சட்டுனு எல்லாம் நின்னுச்சு. பின்னாடி அப்பா, கையில் பிளக்கோட.

9) அப்பா மில்லில் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். "மொதல்ல கரன்ட்டப் புடுங்கணும் தம்பி. கை அப்புறம்தான்." அவ்வளவுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு இடது ஓரத்தைக் காட்டி, "இந்த சுவிட்சைக் கடைசியா எப்ப அமுத்திப் பாத்த?" என்னிடம் பதில் இல்லை. மாட்டின அன்னைக்குப் பாத்தது. ரெண்டு வருஷம் ஆச்சு.

10) கழட்டிப் பார்த்தா, ஒயர் மேல்தோலுக்குள்ளேயே அறுந்திருக்கு. மெஷின் அசைய அசைய வளைஞ்சு போயிருக்கு. வலது ஓரத்து சுவிட்ச் கெட்டிருந்தா மறுநாள் ஹோமிங்கிலேயே தெரிஞ்சிருக்கும். ஆபத்துக்குன்னே வச்சிருக்கிற சுவிட்ச் எப்போ செத்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. இந்த இழை எழுதுறதே இதுக்காகத்தான்.

11) தப்பு என் ஒயரிங்கில். நான் போட்டிருந்தது நார்மலி ஓப்பன், ரெண்டு சுவிட்சும் பேரலல். அமுத்தினாத்தான் சர்க்யூட் சேரும். ஒயர் அறுந்தா, "அமுத்தல"ன்னுதான் போர்டு நினைக்கும். மாத்தி நார்மலி குளோஸ்டு போட்டு, ரெண்டையும் சீரிஸில் கோருங்க. எப்பவும் சர்க்யூட் சேர்ந்தே இருக்கும். அமுத்தினாலும் நிக்கும், ஒயர் அறுந்தாலும் நிக்கும், கனெக்டர் கழண்டாலும் நிக்கும். செட்டிங்கில் $5=1, $21=1 இருக்கணும்.

12) ஐசியு மானிட்டர் இப்படித்தான். நெஞ்சில் ஒட்டின லீட் கழண்டா உடனே கத்தும். கழண்டதைச் சொல்லாம "எல்லாம் நார்மல்"னு காட்டுற மானிட்டரை எந்த வார்டிலும் வைக்க மாட்டோம். என் வீட்டு மெஷினில் ரெண்டு வருஷமா அதைத்தான் வச்சிருந்தேன்.

13) "டிரிம்மர் ஓடினாலே பொய் அலாரம் வருது டாக்டர், அதான் ஆஃப் பண்ணிட்டேன்"னு சிலர் சொல்வீங்க. புரியுது. தொல்லை கொடுக்கிற அலாரத்தை அமுத்தி வைக்கிற பழக்கம் எங்க வார்டிலும் உண்டு, அதில்தான் நிஜ அலாரமும் தப்பிப் போகும். $21-ஐ 0 ஆக்காதீங்க. ஷீல்டு கேபிள் போடுங்க, சுவிட்ச் ஒயரை மோட்டார் ஒயரோட சேர்த்துக் கட்டாதீங்க, சிக்னல் லைனில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஃபில்டர் வைங்க.

14) இன்னொண்ணு. லிமிட் சுவிட்ச் மெஷினைக் காப்பாத்தத்தான். உங்க கை உள்ள இருக்கிறது அதுக்குத் தெரியாது. என்னை மாதிரி டிரிம்மரைத் தனி பிளக்கில் போட்டிருந்தா, லிமிட் அடிச்சு மோட்டார் நின்னாலும் டிரிம்மர் சுத்திக்கிட்டே இருக்கும். ரெண்டுக்குமே சேர்த்து கரன்ட்டை அறுக்கிற சிவப்பு எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் ஒண்ணு, கை எட்டுற தூரத்தில், மெஷினுக்கு வெளியே வைங்க. போர்டை ரீசெட் பண்ற பட்டன் இதுக்கு ஈடாகாது. கிளவுஸ் போட்டுக்கிட்டு சுத்துற பிட் பக்கம் போகவே போகாதீங்க, துணியோட விரலையும் இழுத்துடும்.

15) இப்போ என் வழக்கம்: கரன்ட் போய் வந்தா கண்டிப்பா ஹோமிங், $X கிடையாது. வேலைக்கு முன்னாடி, டிரிம்மர் ஆஃபில் இருக்கும்போது, ஒவ்வொரு சுவிட்சையும் விரலால் ஒரு தடவை அமுத்தி, திரையில் அலாரம் வருதான்னு பார்க்கிறேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது. வார்டில் டிஃபிப்ரிலேட்டரை தினமும் செக் பண்ணி நோட்டில் கையெழுத்துப் போடுறோம். பல நாள் அதுக்கு வேலையே வராது. அதனாலதான் செக் பண்றோம்.

16) மெஷின் இல்லாதவங்களுக்குச் சொன்ன வேலை: உங்க வீட்டு மெயின் போர்டில் ஆர்சிசிபி இருந்தா, அதில் 'டி'ன்னு ஒரு சின்ன பட்டன் இருக்கும். கரன்ட் கசிஞ்சு யாராவது ஷாக் வாங்கினா சட்டுனு அறுத்து விடுறது அதோட வேலை. அது இன்னைக்கும் உயிரோட இருக்கான்னு அந்த பட்டனை அமுத்தினாத்தான் தெரியும். அமுத்தினா கரன்ட் கட் ஆகணும். ஆகலைன்னா இன்னைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

17) சிஸ்டரோட பலகை முடிஞ்சு கொடுத்தாச்சு. இடது ஓரத்தில் பிட் இழுத்த கோடு ஒண்ணு இருக்கு, தேய்ச்சும் போகல. "இது என்ன டாக்டர்?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். கிராஷ் கார்ட் நோட்டில் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டவங்க, சிரிச்சுட்டு, "டெஸ்ட் பண்ணலையா?"ன்னாங்க.