கல்லறைத் திருநாளுக்குச் சாமந்தி

சாமந்தியை ஒரு பருவத்தோடு முடிந்துபோகும் செடியென்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். பூக்கடையில் கூடை கூடையாகப் பார்க்கிறோம். வீட்டுத் தொட்டியில் இருந்தாலோ, தை பிறந்ததும் காய்ந்த குச்சிகளைக் கண்டு பிடுங்கி எறிந்துவிடுகிறோம். உண்மையில் அது பல்லாண்டுச் செடி. பூத்து ஓய்ந்த தண்டுதான் மடிகிறது. மண்ணுக்கடியில் வேர்ப்பகுதி உயிரோடு கிடந்து, சில வாரங்களில் பக்கக் கன்றுகளை மேலே அனுப்புகிறது. 62 வயதில்தான் இதை நான் அறியலானேன்.

எங்கள் வீட்டில் செடிகொடிகள் யாவும் என் துணைவியாரின் ஆளுகைக்கு உட்பட்டவை. நான் பள்ளிக்கூடம், விடைத்தாள், செய்தித்தாள் என்று காலம் கழித்தவன். சென்ற ஆண்டு ஜனவரியில் அவர் இறைவனடி சேர்ந்தபோது, கொல்லைப்புறத்தில் ஆறு மண்தொட்டிகளில் அவர் வைத்த மஞ்சள் சாமந்தி பூத்து முடிந்து கருகி நின்றது. மகள் ஊருக்குத் திரும்புமுன், "அப்பா, இவையெல்லாம் காய்ந்துவிட்டன, தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். வழக்கமாகப் பூ கொண்டுவரும் அம்மையார் அவ்வேளையில் வந்திராவிட்டால் அவ்வாறே நடந்திருக்கும்.

அந்த அம்மையார் நிலக்கோட்டைப் பக்கத்தவர். பூந்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு தொட்டியின் மண்ணை விரலால் விலக்கிக் காட்டினார். பயறு முளை விட்டதுபோல் வெளிர்ப்பச்சை நிறத்தில் இரண்டு முனைகள் தெரிந்தன.

"வாத்தியாரய்யா, அம்மா போயிட்டாங்க, செடி போகலை. ஒரு சாண் விட்டுக் குச்சியைக் கழிச்சு விடுங்க. தண்ணியை மட்டும் அளவா ஊத்துங்க" என்றார்.

அன்று ஒரு தீர்மானம் செய்தேன். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று, அவர் வைத்த செடியின் பூக்களையே அவர் கல்லறைக்கு எடுத்துச் செல்வதென்று. ஒரு செடியைக்கூட வளர்த்தறியாத எனக்கு இது பெரிய காரியமே.

ஒரு செய்தியை இடையில் சொல்ல வேண்டும். சாமந்தியில் நாம் ஒரு பூ என்று சொல்வது ஒரு பூவன்று; நூற்றுக்கணக்கான சிறுபூக்களின் கூட்டம். இதழ் என்று நாம் கிள்ளுவது ஒவ்வொன்றும் ஒரு தனிப்பூ. சூரியகாந்தி, டேலியா, ஜினியா, மேல்நாட்டார் போற்றும் டெய்சி யாவும் இக்குடும்பத்தவையே. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து மாணவர்களுக்கு இதைக் காட்டியிருக்கலாமே என்று இப்பொழுது தோன்றுகிறது.

கழித்துவிட்ட செடிகளில் பிப்ரவரி இறுதிக்குள் கன்றுகள் எழுந்தன. கோடையைத் தாண்டுவதுதான் கடினம். சித்திரை வெயிலில் மதியத்துக்குப் பின் நிழல் விழும்படி தொட்டிகளை முருங்கையடிக்கு நகர்த்தினேன். நீர் குறைந்தால் இலை துவளும். மிகுந்தாலோ வேர் அழுகும். துவண்ட இலைக்கு நீர் ஊற்றினால் பிழைக்கும், அழுகிய வேருக்கு மருந்தில்லை என்று பூக்காரம்மா சொன்னதால், மேல்மண் காய்ந்தபின் மட்டுமே ஊற்றினேன். இருந்தும் ஒரு தொட்டி மே மாதத்தில் போய்விட்டது. எஞ்சியவை ஐந்து.

ஜூன் மாதத்தில் நுனிக்கொழுந்துகளை மூன்று விரற்கடை நீளம் வெட்டி, கீழிலைகளை நீக்கி, ஈர ஆற்றுமணலில் நட்டேன். மூன்று வாரத்தில் வேர் பிடித்தன. செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றும் சமபங்காகக் கலந்து, தொட்டியின் துளைமேல் ஓட்டுச் சில்லுகளை இட்டு, ஜூலைத் தொடக்கத்தில் மாற்றி நட்டேன். பழைய வேரிலிருந்து வந்த கன்றுகளையும் பிரித்து நட்டதில் ஒன்பது தொட்டிகள் ஆயின. அவற்றுள் மூன்றை என் கொழுந்தியாள் கேட்டு வாங்கிச் சென்றாள். அக்காளின் செடி தன் வீட்டிலும் இருக்கட்டும் என்பது அவள் ஆசை.

நட்ட நான்காவது வாரத்தில் கொழுந்து கிள்ள வேண்டும். ஒற்றைத் தண்டாக உயர்ந்து செல்லும் செடியின் நுனியைக் கிள்ளினால் அது பக்கங்களில் கிளைத்துப் பல மொட்டுகள் வைக்கும். நன்றாக வளர்ந்துவரும் ஒன்றைக் கிள்ளியெறிய எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். ஆனால் ஆகஸ்டு நடுப்பகுதிக்குமேல் கிள்ளினால் நவம்பர் தொடக்கத்தில் பூ கிடைக்காது என்று பூக்காரம்மா விரல்விட்டு எண்ணிக் காட்டவே, கிள்ளினேன். செப்டம்பரில் ஒவ்வொரு செடியும் குடைபோல் விரிந்திருந்தது. அசுவினிப் பூச்சி வந்தது. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயைச் சவர்க்காரக் கரைசலுடன் கலந்து மாலைவேளையில் இருமுறை தெளித்ததில் அடங்கியது.

அக்டோபர் முதல் வாரத்தில் என் தொட்டிகளில் கடுகளவு மொட்டுகள் தென்பட்டன. அப்பொழுதுதான் கொழுந்தியாள் வந்தாள்.

"அத்தான், ஒரே செடி, ஒரே மண்; என் வீட்டில் இலையைத் தவிர ஒன்றுமில்லை. அக்காளுக்கு என்மேல் ஏதும் மனத்தாங்கலோ?" என்று கேட்டவளின் கண்கள் கலங்கியிருந்தன.

மறுநாள் அவள் வீட்டுக்குச் சென்று பார்த்தேன். செடிகள் செழிப்பாகவே இருந்தன. அவற்றை அவள் வாசற்படியருகே வைத்திருந்தாள், நேர்மேலே தெருவிளக்கு. விடிய விடிய எரிவது. காரணம் அங்கேயே இருந்தது. சாமந்தி இரவின் நீளத்தை அறியும் செடி. தொடர்ந்த இருள் போதிய அளவு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். இடையில் வெளிச்சம் பட்டால் இன்னும் இரவு நீளவில்லை என்று இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். பகலிரவு நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இவ்வுறவை அமெரிக்க விஞ்ஞானிகளான கார்னர், அல்லார்டு இருவரும் புகையிலை முதலிய செடிகளில் ஆராய்ந்து 1920-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பெங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இரவில் சாமந்தி வயல்களில் வரிசை வரிசையாக மின்விளக்குகள் எரிவது இதனால்தான். பூப்பதைத் தள்ளிப்போட்டு, விலை கிடைக்கும் வேளையில் பூக்கச் செய்கிறார்கள்.

"அக்காளுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லையம்மா, செடிக்குத் தூக்கம் இல்லை, அவ்வளவுதான்" என்றேன். இருவருமாகத் தொட்டிகளைக் கொல்லைக்குத் தூக்கிச் சென்றோம். நவம்பருக்கு அவை உதவா என்பதையும் சொல்லிவிட்டேன். அவள் பேசவில்லை.

அக்டோபர் கடைசி வாரத்தில் வடகிழக்குப் பருவமழை வலுத்தது. விரியும் சாமந்தியில் நீர் தங்கினால் நடுவிலிருந்து அழுகத் தொடங்கிவிடும். ஆறு தொட்டிகளையும் திண்ணைக்கு ஏற்றினேன். இரவில் திண்ணை விளக்கைப் போடாமல் தடவித் தடவி நடந்தேன். மொட்டு வைத்தபின் அத்தனை அச்சம் தேவையில்லைதான், எனினும் எனக்குத் துணிவில்லை.

பிரான்சு நாட்டில் கல்லறைகளுக்குச் சாமந்தியைத் தொட்டியோடு எடுத்துச் செல்வர் என்றும், அதனாலேயே விருந்துக்குச் செல்லும் வீட்டுக்கு அப்பூவைக் கொண்டுபோகமாட்டார்கள் என்றும் படித்திருக்கிறேன். நமக்கு அந்த விலக்கெல்லாம் இல்லை. மணமாலையிலும் அதுதான், மலர்வளையத்திலும் அதுதான். தொட்டியோடு கொண்டுபோக எனக்கும் விருப்பமே. ஆனால் எங்கள் கல்லறைத் தோட்டத்து வேலி ஆடுகளுக்கு ஒரு தடையன்று.

நவம்பர் 2 அன்று காலையில் நன்றாக விரிந்திருந்தவை பதினொரு பூக்கள். மற்றவை பாதி திறந்திருந்தன. அவற்றைத் தொடவில்லை. பதினொன்றையும் காம்போடு நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் சென்றேன். சுண்ணாம்பு அடித்த கல்லறைமேல் மகள் மெழுகுதிரிகளை ஏற்றினாள். சுற்றிலும் பெரிய பெரிய மாலைகளும், எனக்குச் சற்றும் பிடிக்காத பிளாஸ்டிக் மலர்வளையங்களும் கிடந்தன. சாமியார் மந்திரித்த நீரைத் தெளித்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தபோது, "இவை வீட்டுப் பூவா?" என்று கேட்டார். "அவள் வீட்டுப் பூதான், சாமி" என்றேன்.

கொழுந்தியாளின் தொட்டிகளில் நவம்பர் நடுவில் மொட்டு கட்டியது. டிசம்பர் 23-ஆம் நாள் அவளிடமிருந்து ஆளனுப்பி அழைப்பு வந்தது. சென்று பார்த்தால், குடிலின் இருபுறமும் மூன்று தொட்டிகள், நெருக்கமாகப் பூத்து மஞ்சளாக நின்றன. எண்ணிப் பார்த்தேன், என்னுடையவற்றைவிட அவளுடையவற்றில்தான் பூ அதிகம்.