தேறுமா, தேறாதா: சில குறிப்புகள்

*

வ.உ.சி. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ‘மனம் போல வாழ்வு’, ‘அகமே புறம்’ என்று வரிசையாக. எண்ணம்தான் சூழ்நிலையை உண்டாக்குகிறது என்பது ஆலனின் கட்சி. வ.உ.சி.யின் வாழ்க்கையோ அதற்கு நேர் எதிர்சாட்சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை, அப்பீலில் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கு. 1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. அந்த மனத்தில் என்ன குறை கண்டுபிடிப்பது?

*

விடுதலைக்குப் பிறகும் அவர் ஆலனை விட்டுவிடவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பட்டதைத் தாங்க அந்தப் புத்தகங்கள் உதவியிருக்கலாம். ஏன் பட்டார் என்பதற்கான விடை போட்டிக் கப்பல்காரன் குறைத்த கட்டணத்திலும் வெள்ளைக்காரன் கோர்ட்டிலும் கிடக்கிறது. சுயமுன்னேற்ற நூலின் எல்லைக்கோடு இங்கேதான்.

*

சாமுவேல் ஸ்மைல்ஸின் ‘செல்ஃப் ஹெல்ப்’ 1859-இல் வந்தது. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வந்ததும் அதே வருஷம், அதே ஜான் மர்ரே பதிப்பகம். ஸ்மைல்ஸ் அதற்கு முன்பு லீட்ஸ் நகரில் பத்திரிகை ஆசிரியராக இருந்து ஓட்டுரிமைச் சீர்திருத்தத்துக்காக எழுதியவர். பெயர் நிலைத்ததோ தனிமனித முயற்சியைப் பாடியதற்கு.

நெப்போலியன் ஹில்லின் ‘திங்க் அண்ட் குரோ ரிச்’ 1937. அமெரிக்கா பெருமந்தத்திலிருந்து முழுதாக எழுந்திராத நேரம். வேலை ஏன் போயிற்று என்று கேட்க வேண்டியவனை, போதிய தீவிரத்தோடு ஆசைப்பட்டேனா என்று தன்னையே கேட்க வைத்தது.

*

உளவியலாளர் ஜோஆன் வுட்டும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு: ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது, தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு மனநிலை இன்னும் மோசமானது. ஏற்கெனவே தெம்பாக இருந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன். பசித்தவனுக்குக் கிடைக்காமல், சாப்பிட்டவனுக்கே பரிமாறுகிற பந்தி.

*

மார்பகப் புற்றுநோய் வந்த அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக்குக்குக் கோபம் வந்தது நோய் மீது மட்டுமில்லை. சிரித்த முகமாக இரு என்று சுற்றிலும் கேட்ட உபதேசத்தின் மீதும்தான். நம்பிக்கை குணப்படுத்தும் என்றால், குணமாகாதவர் சரியாக நம்பவில்லை என்றாகிவிடுகிறது. நோயோடு குற்றத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

*

தோற்றவர் யாரும் ‘நான் தோற்றது எப்படி’ என்று பத்து விதிகள் எழுதுவதில்லை. ஜெயித்தவர் எழுதும் விதிகளை அவரும் கடைப்பிடித்திருக்கலாம்.

*

காலை ரயிலுக்கு முந்தின இரவே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிடும் அப்பாக்கள் நிறையப் பேர் உண்டு. ஆட்டோ வராது, வழியில் கேட் போட்டிருப்பான், பிளாட்பாரத்தை மாற்றிவிடுவான். ஜூலி நோரம் என்ற உளவியலாளர் இதைத் தற்காப்பு அவநம்பிக்கை என்கிறார். கெட்டதை முன்கூட்டி நினைத்துப் பார்த்து, அதற்குத் தக்க ஏற்பாடு செய்துகொள்வது. இவர்களை வலிய உற்சாகப்படுத்தினால் காரியம் கெடுகிறது என்பது அவருடைய ஆய்வின் முடிவு. ரயிலைத் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் ‘அதெல்லாம் பிடிச்சிடலாம்’ கட்சி.

*

இதற்காக அவநம்பிக்கைக்கும் கோயில் கட்ட வேண்டாம். ‘எல்லாம் நடக்கும்’ என்பவர் சொல்வது ஜோசியம் என்றால், ‘ஒன்றும் தேறாது’ என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொள்பவர் சொல்வதும் ஜோசியம்தான். இரண்டு பேருக்கும் நாளைக்கு நடப்பது இன்றே தெரியும். சந்தேகப்படுகிறவனுக்குத் தெரியாது. அதனால்தான் அவன் விசாரிக்கிறான், கணக்குப் போடுகிறான், குடையையும் எடுத்துக்கொள்கிறான்.