குண்டேற்றும் கை



கைத்துப்பாக்கி சுடும் போட்டியைத் தொலைக்காட்சியில் காணும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? நீட்டிய கையைப் பார்க்கிறோம், இமைக்காத கண்ணைப் பார்க்கிறோம், திரையில் தோன்றும் எண்ணைப் பார்க்கிறோம். ஒரு குண்டு புறப்பட்டுப் போனபின் அடுத்த குண்டு புறப்படும்வரை அந்தக் கை என்ன செய்கிறது என்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. இம்மாதம் நான் உங்களுக்கு எழுத விரும்புவது அந்த இடைநேரத்தைக் குறித்தே.

ஒரு போதகனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயமே. வாகட்டில் குடியிருக்கும் எங்களுக்கு முளா நதியைக் கடந்தால் பாலேவாடி. 1994ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட சிவ சத்ரபதி விளையாட்டு வளாகம் அங்கேதான் இருக்கிறது. அதற்குள்ளே துப்பாக்கி சுடுதளமும் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் ரைபிளில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே இங்கே பயிற்சி பெற்றவர். கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்து மகன், அப்போது ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராயிருந்தவர். அந்தப் பதக்கத்திற்குப்பின் எங்கள் பகுதிப் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டை கேட்பதுபோலத் துப்பாக்கி கேட்கிறார்கள். ஹிஞ்சவாடியின் கணினி நிறுவனங்களையும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்சாலைகளையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்து, உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவனின் பெயரை அவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். ஊரைவிட்டு வந்த வீட்டுப் பிள்ளை அல்லவா!

அப்படிப்பட்ட ஒரு குடும்பம். தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்தவர், தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மகனுக்குப் பதினாறு வயது, பதினோராம் வகுப்பு. ஒருநாள் அவன் தாயார் என்னிடம் வந்தார்.

“ஐயா, ராத்திரி பத்து மணிக்கு மேல அறைக்குள்ள டக்கு டக்குன்னு ஒரே சத்தம். கீழ் வீட்டுக்காரங்க ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாங்க. சுடவும் இல்லையாம், சும்மா குண்டு போட்டுப் பழகுறானாம். இதுக்கெல்லாம் பழக்கம் வேணுமா ஐயா? படிப்பு போயிடும்போல இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திருவான்.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுமுன் விசாரிப்பது நலம் என்று எண்ணினேன். பையனை விசாரித்தேன், அவனுடைய பயிற்சியாளரையும் போய்க் கண்டேன்.

பையன் சுடுவது பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி. இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் பதினொன்றரை மில்லிமீட்டர் அகலம். ஒரு சட்டைப் பொத்தானின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது குண்டுகள், எழுபத்தைந்து நிமிடங்கள். இதில் ஒவ்வொரு குண்டையும் வீரன் தன் கையாலேயே ஏற்ற வேண்டும். துப்பாக்கியின் முனை இலக்கை நோக்கியிருக்கும்படி மேசையின்மேல் இறக்கி, மேலே உள்ள நெம்புகோலைத் தூக்கி, நாலரை மில்லிமீட்டர் ஈயக்குண்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, குழலின் பின்வாயில் பெருவிரலால் பதித்து, நெம்புகோலை மூட வேண்டும். குண்டு சாய்ந்து நுழைந்தால் அதன் மெல்லிய ஓரம் நசுங்கும். நசுங்கிய குண்டு நேராகப் போகாது. அறுபது தரம் இதைச் செய்ய வேண்டும்.

கணக்குப் பாருங்கள். ஒரு குண்டுக்குச் சராசரியாக எழுபத்தைந்து விநாடிகள் உண்டு. தாராளமான நேரம் என்று தோன்றும். நம் பையனுக்கோ சென்ற ஆண்டுப் போட்டியில் கடைசிப் பதினோரு குண்டுகளுக்கு ஏழு நிமிடங்களே மீந்தன. ஒரு குண்டுக்கு நாற்பது விநாடிகூட இல்லை. அவசரத்தில் எட்டும் ஏழுமாக விழ, அடுத்த நிலைக்குப் போகும் வாய்ப்பு கைநழுவியது. குறி பார்ப்பதில் அவன் தாமதிக்கவில்லை. பயிற்சியாளர் பின்னால் நின்று அவன் குண்டேற்றும் நேரத்தை மட்டும் அளந்தாராம்: ஒருமுறை ஒன்பது விநாடி, ஒருமுறை முப்பத்தொன்று. குண்டுப்பெட்டி ஒவ்வொரு தரமும் வெவ்வேறு இடத்தில் இருந்தது. கீழே விழுந்த குண்டைத் தேடிக் குனிந்தான். மோசமாகச் சுட்டபின் அடுத்தவனுடைய திரையை எட்டிப் பார்த்தான். அந்த இருபத்திரண்டு விநாடி வித்தியாசம் இப்படித்தான் சிறிது சிறிதாய்ச் சிந்திப் போயிற்று.

வாசகர்களே, குண்டேற்றும் வேகத்தையே கடிகாரத்தில் வைத்து மதிப்பிடும் வேறொரு போட்டி உண்டு. நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் என்று சொல்லலாம். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் அதற்கான சர்வதேசக் கூட்டமைப்பு தோன்றியது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்கள் அதன் குறிக்கோள். அங்கே பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுப்பார்கள். அறுபது புள்ளிகளைப் பத்து விநாடியில் எடுத்தவனுக்கு ஆறு. அதே அறுபதைப் பன்னிரண்டு விநாடியில் எடுத்தவனுக்கு ஐந்து. ஒருவன் மேகசினை மாற்றுகையில் இரண்டு விநாடி தடுமாறினால் என்ன ஆகும் என்பது விளங்குகிறதல்லவா?

அவ்வீரர்கள் மேகசின் மாற்றுவதைச் சொல்லக் கேட்டால் வியப்பாயிருக்கும். துப்பாக்கியை இடுப்புக்கு இறக்குவதில்லை. முகத்துக்கு முன்னேயே சற்றுச் சாய்த்துப் பிடிக்கிறார்கள். பெருவிரல் பொத்தானை அழுத்தப் பழைய மேகசின் விழும்போதே மற்றக் கை இடுப்புப் பட்டையிலுள்ள புதியதைப் பற்றியிருக்கும். சுட்டுவிரல் அதன் முன்பக்கத்தில் நீண்டு, நுனி மேல்தோட்டாவைத் தொட்டுக்கொண்டிருக்கும். இருட்டில் சாவித்துவாரத்தைத் தேடும்போது நாம் விரலை முன்னே நீட்டுவதில்லையா, அதுபோல. கண் இலக்கை விட்டு, மேகசின் நுழையும் வாயை ஒரு கணம் பார்க்கும். பார்த்த இடத்திற்கே கை போகும். பயிற்சியில் அவர்கள் பெரும்பாலும் முழுவதையும் செய்வதில்லை. புது மேகசினின் நுனி அந்த வாயைத் தொடும் இடம்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தவறுகிற இடம் அதுதான். உள்ளே தள்ளுவதை யாரும் செய்துவிடலாம்.

1999ஆம் ஆண்டு ஜெரி மிக்குலெக் என்ற அமெரிக்கர் ஆறு தோட்டாச் சுழல் துப்பாக்கியால் ஆறு சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டார். மொத்தம் 2.99 விநாடி. மெல்லிய எஃகு வளையம் ஒன்றில் ஆறு தோட்டாக்களும் சேர்ந்திருந்தபடியால் ஆறும் ஒன்றாய் உள்ளே இறங்கின. ஆயத்தம் முன்னமே முடிந்திருந்தது.

இதே போட்டியில் இன்னொரு விதியும் உண்டு. தாய்மாருக்கு இதை அழுத்திச் சொல்லுகிறேன். மேகசின் மாற்றும்போது விரல் விசைக் காப்புக்குள் இருந்தால் வீரன் அப்போதே வெளியேற்றப்படுவான். குழல்முனை அனுமதிக்கப்பட்ட கோணத்தைத் தாண்டித் திரும்பினாலும் அப்படியே. எவ்வளவு பெரிய வீரனானாலும் விலக்கு இல்லை.

ஒலிம்பிக்கின் இருபத்தைந்து மீட்டர் அதிவேகக் கைத்துப்பாக்கியில் காரியம் வேறு. ஐந்து இலக்குகள், ஐந்து தோட்டாக்கள். முதலில் எட்டு விநாடி, பின்பு ஆறு, பின்பு நான்கு. (ஐந்து என்றதும் ஓடையில் பொறுக்கிய கூழாங்கற்கள் உங்கள் நினைவுக்கு வரும் என்று அறிவேன். கையெறிகுண்டில் வலக்கையை இழந்து இடக்கையால் வென்ற ஹங்கேரியரின் கதையையும் பிரசங்கங்களில் போதுமான அளவு கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் விட்டுவிடுகிறேன்.) 2012ஆம் ஆண்டு லண்டனில் நம் ராணுவ வீரர் விஜய்குமார் வெள்ளி வென்றது இதில்தான். இங்கே சுடும்போது துப்பாக்கி தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிறது. ஏற்றும்படி கட்டளை வந்தபின் ஒரு நிமிடம் தரப்படுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் கை பதறினால் வேகமான விரலால் பயனில்லை. இந்தச் சிறு தோட்டாக்களுக்கு அடியில் விளிம்பு உண்டு. மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் சிக்கினால் நடுவில் துப்பாக்கி நின்றுவிடும். சரியான எண்ணிக்கையில் தோட்டா ஏற்றாமல் நின்றால் அது வீரனுடைய குற்றமாகவே எண்ணப்படும்; சுடாத குண்டுகளுக்குப் புள்ளியில்லை.

இவ்வளவும் கேட்டபின்னும் அந்தத் தாயார், “அவன் சுடுறது இது இல்லையே ஐயா, அவனுக்குத்தான் எழுபத்தஞ்சு நிமிஷம் இருக்கே” என்றார். நல்ல கேள்வி. அவருக்கு நான் டோக்கியோவைச் சொன்னேன்.

2021ஆம் ஆண்டு ஜூலை 25. மனு பாக்கர் பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கித் தகுதிச் சுற்றில் நன்றாய்ச் சுட்டுக்கொண்டிருந்தார். நடுவில் துப்பாக்கி பழுதாயிற்று. குண்டேற்றும் நெம்புகோலே முறிந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. சரிசெய்து திரும்பியபோது நாற்பத்துநான்கு குண்டுகளும் ஏறக்குறைய முப்பத்தாறு நிமிடங்களும் மீதியிருந்தன. ஒரு குண்டுக்கு நாற்பத்தொன்பது விநாடி. அந்த நெருக்கத்திலும் அவர் 575 புள்ளிகள் எடுத்தார். இறுதிச் சுற்றை இரண்டே புள்ளிகளில் இழந்தார். பத்தொன்பது வயதுப் பெண் அன்று அழுததை நாடே கண்டது. மூன்று ஆண்டுகளுக்குப்பின் பாரிஸில் அதே போட்டியில் வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் இன்னொரு வெண்கலமும் பெற்றார்.

நான் அந்தத் தாயாரிடம் சொன்னது இதுதான்: எழுபத்தைந்து நிமிடம் எப்போதும் எழுபத்தைந்தாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இறுதிச் சுற்றுக்குப் போனாலோ தனிக்குண்டுகளுக்கு ஐம்பது விநாடியே தருகிறார்கள். குண்டேற்றும் கை தானாய் வேலைசெய்யப் பழகியிருந்தால் மிஞ்சும் நேரம் முழுவதும் மூச்சுக்கும் கண்ணுக்கும் உரியது. பழகாத கை குறிபார்க்கும் நேரத்தைத் தின்றுவிடும். உங்கள் மகன் இரவில் செய்வது விளையாட்டு அன்று.

ஆனாலும் அவன் செய்த விதம் எனக்குச் சம்மதமில்லை, அதையும் சொன்னேன். களைத்த கையோடு பத்து மணிக்குமேல் நூறுதரம் செய்வதைவிட, தெளிந்த கையோடு முப்பதுதரம் செய்வது மேல் என்று பயிற்சியாளரே கூறுகிறார். குண்டுகள் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. காற்று உருளையைக் கழற்றிவிட்டு, நெம்புகோலைத் திறந்து, வெறும் விரலைக் கிண்ணத்திற்கும் பின்வாய்க்கும் கொண்டுபோய் மூடினால் போதும். குழல்முனை வெறுஞ்சுவரை நோக்கியே இருக்க வேண்டும். தம்பி தங்கைகள் அறைக்கு வெளியே. இவ்வகைக் காற்றுத் துப்பாக்கிக்கு அரசு உரிமம் கேட்பதில்லை என்பதற்காக வீட்டிலே அசட்டையாய் விட்டுவைக்கலாகாது, பூட்டி வையுங்கள். தோட்டாத் துப்பாக்கிக்கோ உரிமம் கட்டாயம்.

செலவைக் குறித்து ஒரு வார்த்தை. போட்டித்தரக் காற்றுக் கைத்துப்பாக்கியின் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. அந்தத் தகப்பனார் கடன் வாங்கி, ஏற்கெனவே பயன்படுத்திய ஒன்றை வாங்கியிருக்கிறார். நகரத்தில் மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள் முதல் வருஷத்திலேயே இதைச் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சங்கத்துத் துப்பாக்கியில் தொடங்கட்டும். பிள்ளையின் நாட்டம் ஓராண்டு நிற்கிறதா என்று பாருங்கள். குண்டேற்றும் பயிற்சிக்காவது செலவில்லை.

இப்போது அந்த வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு இருபது நிமிடம். மேசையின்மேல் மடித்த துண்டு விரித்திருப்பதால் கீழ் வீட்டுக்குச் சத்தம் போவதில்லை. குண்டுக் கிண்ணத்தின் இடத்தை அத்துண்டில் பேனாவால் வட்டமிட்டிருக்கிறான். தாயார் கைப்பேசியில் நேரம் அளந்து, பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் குறிக்கிறார். சென்ற வாரம் நான் போனபோது நோட்டைக் காட்டினார். 11, 12, 11, 11, 14, 11 என்றிருந்தது. அந்தப் பதினான்கு ஏன் என்று கேட்டேன்.

“அது அவன் தப்பில்ல ஐயா. குக்கர் விசில் அடிச்சது, நான் எழுந்து போயிட்டேன்” என்றார்.