மூன்று தேதிகள், ஓர் இதயம்

இழைப்புளியின் தகட்டைக் கழற்றிவிட்டு, அது சாய்ந்திருந்த மேடைக்குப் பின்னால் அப்பியிருந்த பழைய மரத்தூளைச் சுரண்டியபோது, வார்ப்பிரும்பில் மூன்று தேதிகள் தெரிந்தன: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. மாசசூசெட்ஸில் பிரிம்ஃபீல்டு பழம்பொருள் சந்தையில் துருப்பிடித்த ஸ்பானர்களுக்கு நடுவே கிடந்த, ஸ்டான்லி கம்பெனியின் ஐந்தாம் எண் இழைப்புளி அது. எந்த வருஷத்தது என்று கேட்டேன். பழசு என்றார் கடைக்காரர். அது எனக்கும் தெரிந்தது.

தேதிகள் காப்புரிமைக்கானவை. 1910க்கு முன்னால் செய்ததில்லை என்பதற்கு மேல் அவை எதுவும் சொல்லவில்லை. ஸ்டான்லி இவற்றில் வரிசை எண்ணும் அடித்ததில்லை. பிறகு யாரைக் கேட்பது?

விடை ரோஜர் ஸ்மித் 1981இல் வெளியிட்ட புத்தகத்தில் இருந்தது. 1827 முதல் 1927 வரையிலான அமெரிக்க இழைப்புளிகளைப் பற்றியது. வார்ப்பெழுத்து, கைப்பிடியின் உயரம், முத்திரை என ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, ஸ்டான்லியின் பெய்லி இழைப்புளிகளைக் காலவரிசையில் வகைப்படுத்தியிருக்கிறார். கம்பெனிக்கு இப்படியொரு வகைப்பாடே கிடையாது. எல்லாம் சேகரிப்பவர்கள் பின்னால் கட்டியது. அந்தத் தொடக்க நாட்களை நினைத்தால் எனக்குப் பொறாமைதான். மின்சார எந்திரங்கள் வந்தபின் நிலவறைகளில் தூங்கிய சாமான்களை இரும்பு விலைக்கு வாங்கி, மேசையில் வரிசையாகப் பரப்பி, எது முந்தியது என்று வாதிட்டுக்கொண்டிருந்த காலம்.

பெய்லி யார் என்று தேடப்போய், தேதியை மறந்தே போனேன். மர இழைப்புளியில் தகட்டை ஆப்பு வைத்து இறுக்கி, சுத்தியலால் தட்டித் தட்டித்தான் இறக்க வேண்டும். ஒரு தட்டு கூடினால் மரம் பிய்யும். கனெக்டிகட்டின் ஹேசர்டு நோல்ஸ் 1827இலேயே இரும்பு உடலுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் தகட்டைப் பிடித்தது அதே ஆப்புதான். பாஸ்டனில் லெனர்டு பெய்லி 1850களிலிருந்து மாற்றி மாற்றிச் செய்துபார்த்து, 1867இல் இன்றுவரை நீடிக்கும் வடிவத்துக்கு வந்தார். பின்னாலிருக்கும் பித்தளைச் சக்கரத்தை விரலால் திருப்பினால், கவைபோன்ற நெம்புகோல் தகட்டை மயிரிழை அளவுக்கு இறக்கும், ஏற்றும். இழைத்துக்கொண்டிருக்கும்போதே திருப்பலாம்.

1869இல் நியூ பிரிட்டனின் ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி அவருடைய தொழிலை வாங்கியது. 1875இல் இரு தரப்பும் முறைத்துக்கொண்டு பிரிந்தன. பெய்லி ‘விக்டர்’ என்ற பெயரில் போட்டி இழைப்புளிகள் செய்தார். அதையும் பிற்பாடு ஸ்டான்லியே வாங்கிப்போட்டது. இவ்வளவுக்கும் பிறகு, 1902 வாக்கில் இழைப்புளியின் முன்புறத்தில் ‘பெய்லி’ என்ற பெயரை வார்க்கத் தொடங்கினார்கள். 1905இல் இறந்த மனிதர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாரா, பார்த்திருந்தால் என்ன முகம் காட்டியிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. வியாபாரத்தில் இதைவிட நாசூக்கான குசும்பு நான் கேள்விப்பட்டதில்லை.

என் இழைப்புளிக்கு வருகிறேன். மூன்று தேதிகளோடு முன்பிடி குட்டையாக இருந்தது. உயரமான பிடி 1910களின் கடைசியில்தான் வந்தது. ஆகவே ஸ்மித்தின் வரிசையில் பதினோராவது வகை, 1910க்கும் 1918க்கும் இடைப்பட்டது. முடிந்தது என்று நினைத்துத் தகட்டைத் துடைத்தால் அதில் ஓர் இதயமும் உள்ளே எஸ், டபிள்யூ என்ற எழுத்துகளும். ஸ்டான்லி ஒர்க்ஸுடன் கம்பெனி இணைந்த 1920க்குப் பிறகு வந்த முத்திரை அது. ஸ்டான்லி ஒர்க்ஸின் தலைவராயிருந்த வில்லியம் ஹார்ட்டின் பெயரை ஒட்டியே இதயம். யாரோ ஒரு தச்சர் முதல் தகட்டைத் தீட்டித் தீட்டியே தீர்த்துவிட்டு, அடுத்ததை வாங்கிப் போட்டிருக்கிறார்.

சேகரிப்பவர்களின் கணக்கில் இது குறை. உடலுக்குப் பொருத்தமான பழைய தகட்டைத் தேடி மாட்டினால் விலை ஏறும் என்று யோசனை சொன்னார்கள். அறிவு வளர வளர இந்த வேலையும் வளர்ந்திருக்கிறது. உழைத்துத் தேய்ந்த கருவி மட்டம், நேற்று உதிரிகளைச் சேர்த்து ஒப்பேற்றியது அசல். நான் தகட்டை மாற்றவில்லை. தீட்டுவதற்கு அதில் இன்னும் ஓர் அங்குலம் மிச்சமிருக்கிறது.