சாம் பகதூரும் டெல்லியின் மறதியும்

1942-ல் பர்மா போரில் உடம்பில் குண்டுகள் பாய்ந்தும் பிழைத்து வந்தவர் சாம் மானெக்‌ஷா. 1971 ஏப்ரலில் உடனே போருக்குப் போகச் சொன்ன இந்திரா காந்தியிடம், மழைக்காலம் முடியட்டும் என்று மறுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். டிசம்பரில் போர் வந்தது. 13 நாளில் முடிந்தது. சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள்.

1973-ல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அப்புறம் நம்ம குன்னூரில் வந்து குடியேறினார். 2008 ஜூன் 27-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார், வயது 94. ஊட்டியில் அடக்கம். குடியரசுத் தலைவர், பிரதமர், பாதுகாப்பு அமைச்சர்... ஒருத்தரும் வரவில்லை. இணையமைச்சர் வந்தார்.

ஃபீல்டு மார்ஷல் பதவிக்கு ஓய்வு என்பதே கிடையாது. அதாவது, தளபதி நாற்காலியை விட்ட பிறகும் 35 வருஷம் அவர் பணியில்தான் இருந்தார். டெல்லிக்குத்தான் அது மறந்துபோச்சு!