பாதியில் எழுந்து வரும் உரிமை

பாரிஸுக்குக் கிளம்புகிற உறவினர்களும் நண்பர்களும் விசா வந்த கையோடு என்னிடம் கேட்பது இதைத்தான்: "அந்த மியூசியம் பாஸ் வாங்கலாமா, வேண்டாமா?" ஒவ்வொரு யூரோவையும் ரூபாயாக்கிப் பார்த்துச் செலவழிக்கிற குடும்பத்துக்கு இது சின்னக் கேள்வி இல்லை. நானும் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து யோசித்துத்தான் பதில் சொல்கிறேன்.

பாஸை 48, 96, 144 மணி நேரம் என்று மூன்று அளவுகளில் விற்கிறார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் தனி டிக்கெட் இல்லாமல் போகலாம். ஓர் இடத்துக்கு ஒரு தடவைதான். முதல் வாசலில் காட்டிய நிமிடத்திலிருந்து நேரம் ஓடும். நடுவில் ஒரு நாள் கால்வலி என்று அறையிலேயே படுத்துவிட்டால் அந்த நாளும் கழிந்துதான் போகும்.

பாஸ் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, அதன் விலையைத் தாண்டும்வரை இடங்களைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர். இந்தக் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. பாஸ் என்ற ஒன்றே இல்லாவிட்டால் எங்கெல்லாம் போயிருப்பீர்கள்? முதலில் அதை எழுதிக் கூட்டிப் பாருங்கள். பட்டியலில் உள்ள பாந்தியோன் நினைவுச் சின்னத்துக்குப் போகிற எண்ணமே இல்லாதவருக்கு அதன் கட்டணம் மிச்சமாகாது.

எழுதும்போதே சில இடங்கள் தாமாகக் கழன்றுவிடும். ஈஃபிள் கோபுரம் பாஸில் இல்லை. தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர்தாம் தேவாலயத்துக்குள் நுழையக் கட்டணமே இல்லை. பாரிஸ் நகரின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே, ஓவியங்களுக்குப் பேர்போன பெத்தி பாலே, இரண்டின் நிரந்தரக் காட்சிகளும் இலவசம். மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சே அருங்காட்சியகத்தில் கட்டணம் கிடையாது. பிள்ளைகள் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் லூவ்ர் உட்படப் பெரிய அருங்காட்சியகங்களில் அவர்களுக்குக் காசு வாங்குவதில்லை. அவர்களுக்கும் சேர்த்துப் பாஸ் வாங்குவது வீண்.

மறுபக்கம் லூவ்ர் இருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே 32 யூரோ. முன்பு எல்லாருக்கும் 22. பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் குடியிருக்கும் சித்தப்பாவும் அவரைப் பார்க்கச் சென்னையிலிருந்து போகிற நீங்களும் ஒன்றாகப் போனாலும், உங்கள் டிக்கெட்டுக்குப் பத்து யூரோ அதிகம். இது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் கணக்கு என்று வரும்போது நம்மவர்களைப் பாஸ் பக்கம் தள்ளுவது இந்த ஏற்றம்தான்.

இவ்வளவும் பணத்தின் பேச்சு. நான் பாஸை ஆதரிக்கும் காரணம் வேறு: ஓர் இடத்திலிருந்து சீக்கிரம் வெளியே வர அது துணிச்சல் தருகிறது. முப்பத்திரண்டு யூரோ கொடுத்து உள்ளே போனவர் கால் கடுத்தாலும் நகர மாட்டார். மோனாலிசாவின் முன்னால் நிற்கும் கூட்டத்தில் நெருக்குண்டு, எகிப்துப் பிரிவுக்கு வரும்போது கண் எதையும் வாங்காத நிலையில், கொடுத்த காசுக்காக நடந்துகொண்டிருப்பார். தனி டிக்கெட் எடுத்த நாட்களில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பாஸ் கையில் இருந்தபோது ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் மோனேயின் அல்லி ஓவியங்கள் சுற்றிலும் விரிந்திருக்கும் அந்த இரண்டு நீள்வட்ட அறைகளில் மட்டும் உட்கார்ந்துவிட்டு, மனம் நிறைந்ததும் எழுந்து வந்துவிட்டேன். சாந்த் ஷபெல்லிலும் அப்படியே. ஒன்பதாம் லூயி கட்டி 1248-இல் அர்ப்பணித்த அந்தச் சிற்றாலயத்தின் மேல்தளத்தில் சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வண்ணக் கண்ணாடி. வெயில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய் அதை மட்டும் நிமிர்ந்து பார்த்தால் போதும்.

கிமே அருங்காட்சியகத்துக்கு என்னை அழைத்துப் போனதும் பாஸ்தான். ஆசியக் கலைக்கானது அது. எமில் கிமே என்ற லியோன் நகரத் தொழிலதிபரின் சேகரிப்பில் தொடங்கி, 1889-இல் பாரிஸில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் தமிழ்நாட்டுச் சிலையைப் பார்க்க அங்கே தனிக் காசு கொடுக்கத் தயங்குவார். நானும் த்ரொகாதெரோ பக்கம் போனபோது பாஸ் இருக்கிறதே என்றுதான் நுழைந்தேன். உள்ளே பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராசர். கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய நிலையிலேயே பார்த்துப் பழகிய உருவம், இங்கே இடுப்பின் வளைவும் தூக்கிய பாதத்தின் வீச்சும் முழுதாகத் தெரிய நிற்கிறது. சிற்பியின் கையை இவ்வளவு கிட்டத்தில் நான் அதுவரை உணர்ந்ததில்லை. இந்த மேனி இங்கே நிற்க வேண்டியதா என்ற வருத்தமும் கூடவே வந்தது, இன்னும் போகவில்லை.

ஆகவே, அடுத்தடுத்து ஓடுவதுதான் சுற்றிப்பார்ப்பது என்று நினைக்கிறவர்களுக்கு நான் பாஸைச் சொல்வதில்லை. மணிக்கணக்கு அவர்களை இன்னும் விரட்டும். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கும் வேண்டாம். அவர்களுக்கு லூவ்ருக்கு ஒரு டிக்கெட், பிறகு செய்ன் ஆற்றங்கரையில் ஒரு நீண்ட மாலை, அதுவே நிறைவு. தனியாகவோ, ஒத்த ரசனை உள்ள ஒருவரோடோ நான்கு நாள் தங்குகிறவர் என்றால் 96 மணி நேரத்து பாஸை வாங்கச் சொல்வேன்.

ஆனால் காசு கட்டுவதற்கு முன் லூவ்ரில் நேரம் கிடைக்கிறதா பாருங்கள். பாஸ் இருந்தாலும் அங்கே முன்பதிவு கட்டாயம்; சாந்த் ஷபெல்லுக்கும் ஒராஞ்சரிக்கும் வெர்சாய்க்கும் அப்படித்தான். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள். புதனும் வெள்ளியும் லூவ்ர் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அந்த மாலைகளில் ஒன்று கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு, மற்ற நாட்களை அதற்கேற்ப அமைத்துவிட்டு, பாஸைக் கடைசியாக வாங்குங்கள்.